பதின்மூன்று பேருக்கு ஒரு கூரை



சென்ற ஆண்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "விடுமுறையில் நான்" என்று ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தேன். வழக்கமாகப் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போனதையும், கோயில் திருவிழாவையும், மீன் பிடித்ததையும் எழுதுவார்கள். ஒரு பையன் மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தான். "லங்காவிக்குப் போக ஆசை. நாங்கள் ஒன்பது பேர், அதனால் எங்கும் போகவில்லை."

அந்த நோட்டில் சிவப்பு மையால் திருத்த எனக்குக் கை வரவில்லை. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பிழை வேறு எங்கோ இருக்கிறது. குடும்பம் பெரிது என்பது ஒரு குற்றம் போலவும், பெரிய குடும்பத்துக்கு உல்லாசப் பயணம் விதிக்கப்படவில்லை என்பது போலவும் அந்தப் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிட்டது. அவன் வீட்டில் பேசியதைத்தானே அவன் எழுதியிருப்பான்?

ஆகவே இந்த மாதம், பெரிய குடும்பத்தோடு தீவுக்குப் போனால் கையைக் கடிக்காமல் எங்கே தங்குவது என்பதைப் பேசலாம் என்று இருக்கிறேன். நான் கெட்டிக்காரி என்பதால் எழுதவில்லை. ஒரு தடவை தப்பாகச் செய்து தலைகுனிந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நமக்கும் தீவுக்கும் உள்ள உறவு

தீவு என்பது நமக்குப் புதிதல்ல. நம் கொள்ளுப்பாட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தபோது, பினாங்கில் அவர்களில் எத்தனையோ பேர் முதலில் இறக்கப்பட்ட இடம் ஜெரஜாக் தீவு. நோய் நொடி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அங்கே அடைத்துவைத்து, பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். தங்குமிடம் இலவசம்தான். ஆனால் அதை உல்லாசம் என்று யார் சொல்வார்கள்?

துரைமாருக்குப் பினாங்குக் கொடிமலை இருந்தது. 1923இல் மலை ரயிலும் வந்தது. குளிர்ந்த காற்று வாங்க பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். நமக்கு விடுமுறை என்றால் தைப்பூசம். லாரியிலும் பஸ்ஸிலும் பட்டர்வொர்த் போய், பெர்ரி ஏறி, தண்ணீர்மலையில் சாமி கும்பிட்டு, மண்டபத்திலோ தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலோ பாய் விரித்துப் படுத்துத் திரும்பினோம். அறை எடுத்துத் தங்குவது என்ற பழக்கமே நமக்கு இல்லை. அந்தப் பழக்கம் இல்லாததால்தான் ஓட்டல் மேசையின் முன்னால் நின்றதும் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

லங்காவியோ நம் கெடா மாநிலத்திலேயே இருக்கிறது. 99 தீவுகள் கொண்ட கூட்டம் அது. 1987 ஜனவரி முதல் தேதியில் வரியில்லாத் தீவாக அறிவித்த பிறகுதான் ஓட்டல்களும் கடைகளும் பெருகின. அலோர்ஸ்டாரிலிருந்து கோலக் கெடா ஜெட்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து பெர்ரியில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். கோலப் பெர்லிசிலிருந்து என்றால் ஒன்றேகால் மணி நேரம். வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்து வந்து பார்க்கிறார்கள். பீடோங்கிலும் கூலிமிலும் இருக்கிற நாம் பார்க்காமலேயே வயதாகிவிடுகிறோம்.

நாங்கள் செய்த தவறு

2018ஆம் ஆண்டு, நவம்பர் கடைசி. பள்ளி விடுமுறை. என் மாமியாருக்கு அப்போது வயது 69. பதினான்கு வயதில் பால்வாளி தூக்கியவர். நாற்பது ஆண்டு மரம் சீவியவர். தோட்டத்தைவிட்டு அவர் போன தூரம் பினாங்கும் அலோர்ஸ்டார் ஆஸ்பத்திரியும்தான். "லங்காவியில அந்த மாசூரி சமாதியைப் பாக்கணும்மா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை ஒருவர், மூத்தார் குடும்பம் ஐந்து பேர், நாங்கள் நான்கு பேர், கொழுந்தன் குடும்பம் கைக்குழந்தையோடு மூன்று பேர். ஆக மொத்தம் 13. சேனாங் கடற்கரைப் பக்கம் ஒரு சின்னத் தங்கும் விடுதியில், அறைக்கு நான்கு பேர் வீதம் இரண்டு அறைகள் பேசினோம். கணக்குப்படி எட்டுப் பேர். மீதி ஐந்து பேர்?

"முதல்ல எட்டுப் பேர் போய்ப் பதிஞ்சுக்குவோம். அம்மாவும் பெரிய பிள்ளைங்களும் கடற்கரையில இருக்கட்டும். இருட்டினதும் கூட்டிக்கலாம்" என்றார் மூத்தார். அதோடு இன்னொரு பயமும் அவருக்கு. அத்தை இந்த மண்ணிலேயே பிறந்தவர்தான். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் இன்றுவரை சிவப்பு அடையாள அட்டை. வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றுலா வரி போடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "சிவப்பு ஐசியைக் காட்டினா தலைக்கு இவ்வளவுன்னு வாங்கிடுவான்" என்றார்.

எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். பள்ளியில் தினமும் உண்மை பேசச் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

அன்று மாலை நான்கு மணியிலிருந்து அத்தை நான்கு பேரப்பிள்ளைகளோடு கடற்கரைச் சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மேசையில் இருந்த பையன் நகரவில்லை. நாங்களும் துணியவில்லை. எட்டு மணிக்கு நான் குடையோடு ஓடியபோது, தன் முந்தானையால் பிள்ளைகளின் தலையை மூடியபடி ஒரு கடையின் தாழ்வாரத்தில் அவர் நின்றிருந்தார். சேலை தொப்பலாக நனைந்திருந்தது.

"வாங்கத்தை, இப்ப போகலாம்" என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நான் என்ன கள்ளச் சாமானாம்மா, சுங்கத்துக்குத் தெரியாம ஒளிச்சுக் கொண்டுபோக?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

நான் அவரைப் பின்வழியாகக் கூட்டிப் போகவில்லை. நேராக மேசைக்கே கூட்டிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மலாய்ப் பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். முதலில் முகம் சுளித்தான். பிறகு அத்தையின் நனைந்த சேலையைப் பார்த்துவிட்டு, "ஏன் தீச்சர் முதலிலேயே சொல்லவில்லை? பாட்டியை மழையில் நிற்க வைத்துவிட்டீர்களே" என்றான். பின்புறம் ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. 70 வெள்ளி வாங்கிக்கொண்டு அதைத் திறந்துவிட்டான். சிவப்பு அடையாள அட்டையைப் பார்த்தான், எண்ணை எழுதிக்கொண்டான். வரி ஒரு காசு கேட்கவில்லை.

70 வெள்ளியைப் 13 பேருக்கு வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆறு வெள்ளிகூட இல்லை. அதற்காகத்தான் ஒரு தாயை நான்கு மணி நேரம் வெளியே உட்கார வைத்தோம்.

இந்தச் சுற்றுலா வரியைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 செப்டம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்த வரி இது. தலைக்கு அல்ல, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டும்தான். நம் நாட்டுக் குடிமக்களுக்கு இல்லை. சிவப்பு அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இல்லை. உங்கள் வீட்டிலும் சிவப்பு அட்டையோடு ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். அந்த அட்டையைக் காட்ட அவர்கள் கூச வேண்டியதில்லை. அவர்களை ஒளிக்க நமக்கு உரிமையும் இல்லை.

இன்னொன்று. ஓர் அறைக்கு இத்தனை பேர் என்று சொல்வது காசுக்காக மட்டும் அல்ல. இரவில் தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர் என்று விடுதிக்காரருக்குத் தெரிய வேண்டும். கணக்கில் இல்லாத பிள்ளையை யார் தேடுவார்கள்?

எப்படி இடம் பிடிப்பது?

அடுத்த முறை ஒழுங்காகப் போக வேண்டும் என்று முடிவு செய்தோம். நோயும் ஊரடங்கும் வந்து தள்ளிப்போய், 2023 மார்ச் மாத விடுமுறையில்தான் கைகூடியது. அதில் கற்றுக்கொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அறைக் கணக்கை விட்டுவிட்டுத் தலைக் கணக்குப் போடுங்கள். ஓட்டலில் எங்களுக்கு நான்கு அறைகள் வேண்டும். அறைக்கு 160 வெள்ளி கேட்டார்கள், ஓர் இரவுக்கு 640 ஆயிற்று. பாடாங் மாட்சிராட் பக்கம் கம்பத்தில் மூன்று அறை, கூடம், சமையலறை உள்ள ஒரு முழு வீடு இரவுக்கு 350 வெள்ளிக்குக் கிடைத்தது. இரண்டு இரவுக்கு 700. ஆளுக்கு 54 வெள்ளிக்குள் முடிந்தது. விலை காலத்துக்குக் காலம் மாறும். ஆனால் ஆறு பேருக்கு மேல் இருந்தால் முழு வீட்டையும் விசாரிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இப்படி முழு வீட்டை வாடகைக்கு விடுவதைத்தான் இப்போது எல்லாரும் ஹோம்ஸ்டே என்கிறார்கள். அரசாங்கத்தின் ஹோம்ஸ்டே திட்டம் என்பது வேறு. 1995இல் பகாங், தெமர்லோவில் டேசா மூர்னி என்ற கிராமத்தில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், கிராமத்துக் குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சமைப்பதைச் சாப்பிட வேண்டும். இரண்டும் நல்லவைதான். பெரிய குடும்பம் என்றால் பல வீடுகளில் பிரித்து விடுவார்கள். எது என்று முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கடற்கரை வாசலிலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சேனாங் கடற்கரையில் நின்று அலையைப் பார்த்தபடி உள்ள அறைக்கு விலை அதிகம். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் விலை இறங்கும். பொதுப் பேருந்தை நம்பி இறங்க வேண்டாம். குவா ஜெட்டியிலேயே வேனோ இரண்டு காரோ வாடகைக்குப் பிடித்துவிடலாம். வீட்டு வாடகையோடு இந்த வாடகையையும் கூட்டிப் பார்த்துத்தான் எது மலிவு என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நாள் பார்ப்பது. பஞ்சாங்கத்தில் அல்ல, காலண்டரில். கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. கோலாலம்பூர்க்காரர்களுக்குச் சனியும் ஞாயிறும். வியாழக்கிழமை பள்ளி விட்டதும் புறப்பட்டால் அன்றைய இரவை வார நாள் விலைக்குப் பேசலாம். கூட்டம் வந்து இறங்கும் நேரத்தில் நாம் திரும்பிவிடலாம். கடைசிப் பெர்ரி எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை ஆண்டுகளில் லீமா என்னும் விமான, கடற்படைக் கண்காட்சி நடக்கும். 1991இல் தொடங்கியது அது. அந்த வாரத்தில் இடமும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை எட்டாது. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவு.

லீவு இல்லையே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. அது முதலாளி போடும் பிச்சை அல்ல, உங்கள் உரிமை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டுமே அதைச் செலவழிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

நான்காவது, முன்பணம். இதில்தான் நம் மக்கள் ஏமாறுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பம், கூட்டு எடுத்த பணத்தில் 500 வெள்ளியைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிட்டு, லங்காவியில் போய் இறங்கிய பிறகுதான் அப்படி ஒரு வீடே இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். படம் அழகாக இருந்ததாம். விலையும் மற்ற இடங்களில் பாதிதானாம். பாதி விலை என்பதுதான் முதல் எச்சரிக்கை.

வீட்டுக்காரரிடம் வீடியோ அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். முகவரியைக் கேளுங்கள். வங்கிக் கணக்கின் பெயரும் பேசுகிறவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அந்தக் கணக்கு எண்ணின் மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று போலீசாரின் 'செமாக் மியூல்' பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து, மீதியைச் சாவி வாங்கும்போது தருவதாகப் பேசுங்கள். அப்படியும் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மோசடிகளுக்கென்றே அரசாங்கம் 2022இல் ஏற்படுத்திய மையம் அது. நேரம் தாழ்த்தாமல் சொன்னால்தான் பணம் கை மாறிப் போகாமல் தடுக்க வழியுண்டு.

ஐந்தாவது, சமையல். பதின்மூன்று பேர் மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் தங்குவதில் மிச்சம் பிடித்தது சாப்பாட்டில் போய்விடும். அரிசி, பருப்பு, குழம்புத் தூள், ஊறுகாய் எடுத்துப் போனோம். மீனை அங்கேயே வாங்கினோம். ஒரு வேளை மட்டும் வெளியே சாப்பிட்டோம். அங்கே வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். சமைக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பன்றி இறைச்சி அவர்கள் பாத்திரத்தைத் தொடக்கூடாது. மாட்டிறைச்சி புழங்கிய பாத்திரம் நம் பெரியவர்களுக்கு ஆகாது என்றால் சொந்தமாக ஒரு சட்டியும் கரண்டியும் எடுத்துப் போய்விடுங்கள். ஒருவர் மனம் ஒருவருக்கு நோகாது.

ஆறாவது, பணம் சேர்ப்பது. இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஒரே மாதத்தில் பயணச் செலவை எடுத்தால் அடுத்த மாதம் கடைக்காரரிடம் கடன்தான். எங்கள் வீட்டில் மூன்று சகோதரர்களும் மாதம் 100 வெள்ளி வீதம் பத்து மாதம் அத்தையிடம் கொடுத்து வைத்தார்கள். 3,000 வெள்ளி சேர்ந்தது. பெர்ரி, வீடு, வண்டி, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கிற்று. கடன் வாங்கி உல்லாசம் வேண்டாம்.

ஆண்களுக்கு ஒரு சொல். வரியில்லாத் தீவு என்றதும் சிலருக்குப் போத்தல்தான் கண்ணில் படுகிறது. பத்து மாதம் சேர்த்த பணம் இரண்டு நாளில் தொண்டைக்குள் இறங்குவதற்கா? மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாததை வாங்குவது மிச்சம் அல்ல. பிள்ளைகளுக்குச் சாக்லேட், வீட்டுக்கு ஒரு நல்ல சட்டி, முழங்கால் வலிக்குக் காமாட் எண்ணெய், கொஞ்சம் நெத்திலிக் கருவாடு. அது போதும்.

சாவி

2023இல் புறப்படுவதற்கு முன், 13 பேரின் பெயரையும் வயதையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். முதல் பெயர் அத்தையின் பெயர். போய் இறங்கியதும் வீட்டுக்காரர் அம்மாள் தாளைப் பார்த்து, "இதில் யார் மூத்தவர்?" என்று கேட்டு, சாவியை அத்தையின் கையிலேயே கொடுத்தார்.

மாசூரி சமாதிக்குப் போனோம். குற்றமில்லாத ஒரு பெண்ணைப் பழி சொல்லிக் கொன்றதையும், வெள்ளை இரத்தம் வழிந்ததையும், ஏழு தலைமுறைக்கு அவள் சாபம் கொடுத்ததையும் மகள் மலாயிலிருந்து தமிழாக்கிச் சொன்னாள். அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நம்ம கண்ணகி மாதிரிதான். எந்த ஊர்லயும் இதே கதைதான்" என்று கும்பிட்டுக்கொண்டார்.

அந்த இரண்டு நாளும் சாவி அத்தையின் முந்தானை முடிச்சிலேயே இருந்தது. கடலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பொறந்ததிலேருந்து லயத்து வீடு. தோட்டத்து வீட்டைத் தோட்டம் எப்ப வேணும்னாலும் கேட்கும். இது ரெண்டு நாளைக்குத்தான்னாலும், காசு குடுத்து, பேரு எழுதி வாங்கின வீடு" என்றார்.

திரும்பி வந்த பிறகு கொழுந்தன் என்னிடம், "அண்ணி, அடுத்த தடவை எங்கே?" என்று கேட்டான். மூத்தார் பதில் சொன்னார்: "எங்க வேணும்னாலும் போகலாம். முதல்ல எத்தனை பேருன்னு சரியா எண்ணு."

அன்புச் சகோதரிகளே, உங்கள் குடும்பம் ஒன்பது பேரா, பதினைந்து பேரா? ஒரு தாளை எடுத்து எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். வயதில் மூத்தவரின் பெயரை முதலில் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளோடு வீடு தேடுங்கள். எத்தனை பேர் என்று நிமிர்ந்து சொல்கிறவருக்குத்தான் சரியான விலையும் கிடைக்கும், மரியாதையும் கிடைக்கும்.

நான்காம் வகுப்புப் பையனின் தாயாரையும் அழைத்துப் பேசியிருக்கிறேன். மாதம் 60 வெள்ளி வீதம் எடுத்துவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவன் அடுத்த கட்டுரையைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.